டென்னிஸ் ஆவணப்படங்கள் இணையத்தில்: எது தேறும், எது தேறாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மழைநேரப்_பயிற்சி எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி டென்னிஸ் இணைப்பாட நடவடிக்கைக்காகக் கேட்கிறேன். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள். பிற்பகலில் மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் ஆடுகளத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. அந்த அரைமணி, முக்கால்மணி நேரத்துக்கு அறைக்குள் புரொஜெக்டரில் நல்ல டென்னிஸ் ஆவணப்படம் ஒன்றைப் போடலாம் என்று தேடினால், கண்ணில் படுவதில் பெரும்பகுதி தேறவில்லை.

முதல் தொல்லை படம். பழைய ஆட்டங்களில் பந்து எங்கே போகிறது என்றே தெரிவதில்லை. சிலவற்றில் ஒரே நேரத்தில் இரண்டு பந்து தெரிகிறது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் குட்டையாய், பருத்துத் தெரிகிறார்கள். அடுத்தது தகவல். ஒரு காணொளியில் "1976 அமெரிக்க ஓப்பன்" என்று எழுதிப்போட்டு நீலத் தரையில் ஆடுகிறார்கள். இன்னொன்றில், இந்திய ஆட்டக்காரர் ராமநாதன் கிருஷ்ணன் ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) தரவரிசையில் மூன்றாம் இடம் பிடித்தார் என்கிறார்கள். அவர் காலத்தில் அப்படி ஒரு பட்டியல் இருந்ததா? மூன்றாவது, சந்தா கட்டிப் பார்க்கும் தளங்களில் உள்ளவை. பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் படம் முடிந்த பிறகு ஆட்டத்தைப் பற்றிப் பேச ஒன்றும் மிஞ்சுவதில்லை.

முழுக்கப் பார்க்காமல் பத்து நிமிடத்தில் தரத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

காலாங்_எடிட்டர் எழுதியது:

படத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். தகவல் பிழைகளுக்கு இந்தக் குழுவில் வேறு ஆள் இருக்கிறார், கட்டாயம் வருவார்.

பந்து மறைவதற்கு முதல் காரணம் பிரேம் கணக்கு, அதாவது வினாடிக்கு எத்தனை தனிப்படம் என்பது. பழைய தொலைக்காட்சிப் பதிவு ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் படம் பிடிக்கும் முறை. விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன், ஆஸ்திரேலிய ஓப்பன் மூன்றும் வினாடிக்கு 50 ஃபீல்டு. அமெரிக்க ஓப்பன் கிட்டத்தட்ட 60. ஒரு ஃபீல்டில் ஒற்றைப்படை வரிகள், அடுத்த ஃபீல்டில் இரட்டைப்படை வரிகள். அதாவது பந்து இருக்கும் இடம் வினாடிக்கு 50 தடவை நாடாவில் பதிவாகியிருக்கிறது. கணினிக்கு மாற்றுபவர் பாதி ஃபீல்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டால் 25தான் மிச்சம். 576 வரித் தெளிவும் 288 ஆகிவிடும்.

இதில் டென்னிஸுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அடி? கணக்குப் போட்டால் தெரியும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேக சர்வ், வினாடிக்கு 55 மீட்டருக்கும் மேல். 50 படம் இருந்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பந்து 1.1 மீட்டர் நகரும். 25 படம் என்றால் 2.2 மீட்டர். ராக்கெட்டிலிருந்து தரையில் விழும் வரை மொத்தமே எட்டுப் பத்துப் படங்கள்தான் கிடைக்கும். அதில் நாலைந்தில் பந்து பார்வையாளர்களின் வெள்ளைச் சட்டைக்கு முன்னால் இருந்தால் கண் கோட்டைவிட்டுவிடும். கால்பந்துக்கு இதே கோப்பு போதும். டென்னிஸுக்குப் போதாது.

இரண்டு பந்து தெரிவது வேறு கோளாறு. 50 ஃபீல்டு நாடாவை 24 அல்லது 30 பிரேம் டைம்லைனில் போட்டால் கணக்கு ஒத்துவராது. மென்பொருள் அடுத்தடுத்த இரண்டு படத்தை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து சமாளிக்கும். அதனால் மங்கலான இரட்டைப் பந்து, இரட்டை ராக்கெட். சீப்புப் பற்கள் மாதிரி ஓரத்தில் கோடு கோடாகத் தெரிந்தால் ஃபீல்டுகளைப் பிரிக்கவே இல்லை என்று பொருள்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். கணினியில் யூடியூப்பைத் திறந்து, ஒரு சர்வில் நிறுத்துங்கள். நிறுத்திய நிலையில் முற்றுப்புள்ளிப் பொத்தானைத் தட்டினால் ஒரு பிரேம் முன்னே போகும், கமாவைத் தட்டினால் ஒரு பிரேம் பின்னே. ஒவ்வொரு தட்டலுக்கும் பந்து இடம் மாறினால் நல்லது. இரண்டு தட்டலுக்கு ஒருமுறைதான் மாறுகிறது என்றால், 25 பிரேம் படத்தைச் சும்மா 50 என்று ஏற்றியிருக்கிறார்கள். பிறகு படத்தின்மேல் வலது கிளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" எடுங்கள். தெளிவளவுக்குப் பக்கத்தில் 25, 30, 50 என்று பிரேம் எண் இருக்கும். இன்னொன்று: தரத்தை 720-க்குக் கீழே இறக்கினால் யூடியூப் பிரேம் வேகத்தையும் பாதியாக்கிவிடும். 50, 60 எல்லாம் 720-லிருந்துதான் கிடைக்கும். பள்ளி வைஃபை மெதுவாகி, தரம் தானாக 480-க்கு இறங்கியிருந்தால் படம் எடுத்தவர்மேல் குற்றமில்லை. பல்சக்கரத்தில் 720 என்று கையாலேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

ஆட்டக்காரர் பருத்திருப்பது, பழைய 4:3 வடிவப் படத்தை இன்றைய அகலமான 16:9 சட்டத்துக்கு இழுத்ததால். அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. பந்து அசையாமல் இருக்கும் இடத்தில், சர்வுக்கு முன் தரையில் தட்டும்போது மேலே எழும்பி நிற்கும் அந்த ஒரு கணத்தில் நிறுத்திப் பாருங்கள். பந்து முட்டை வடிவில் இருந்தால் இழுத்திருக்கிறார்கள். சிலர் இழுக்காமல் மேலும் கீழும் வெட்டுவார்கள். அதில் உயரத்தில் கால்வாசி போய்விடும். டென்னிஸ் கேமரா பேஸ்லைனுக்கு (ஆடுகளத்தின் பின்கோடு) அப்பால் உயரத்தில் இருப்பதால், வெட்டுப்படுவது சரியாக நம் பக்கத்து ஆட்டக்காரரின் பாதம். பிள்ளைகள் பார்க்க வேண்டியதே அதுதான். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு 4:3 ஆகவே போட்டிருக்கிறார் என்றால் அந்த ஆளுக்கு வேலை தெரியும்.

தலைப்பில் "4கே, 60 பிரேம், ஏஐ மேம்பாடு" என்று கொட்டை எழுத்தில் இருந்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அந்த மென்பொருளுக்குச் சின்ன வெள்ளைப் புள்ளி என்றால் தூசி. பந்தைத் துடைத்துவிடும், அல்லது இல்லாத இடத்தில் வரைந்துவிடும். வலையின் கண்ணிகள் கஞ்சி மாதிரி குழைந்திருக்கும். ஸ்கோர் பலகை எழுத்துகள் எந்த மொழியிலும் சேராது. பார்வையாளர் முகமெல்லாம் மெழுகு. இதை வைத்து அடியின் நுட்பம் சொல்லித்தர முடியாது.

இன்னும் ஒன்று, பலருக்கு வியப்பாக இருக்கும்: 1960-களின் படம் 1985-இன் படத்தைவிடக் கூர்மையாக இருக்கலாம். முன்னது பிலிம், இன்றைக்கும் உயர் தெளிவில் ஸ்கேன் செய்ய முடியும். பின்னது வீடியோ நாடா, 480 அல்லது 576 வரிக்குமேல் அதில் ஒன்றும் கிடையாது. ஆகவே "பழசு, அப்படித்தான் இருக்கும்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

---

ஆண்டுக்கணக்கர் எழுதியது:

கூப்பிட்டாயிற்று, வந்துவிட்டேன்.

1976-இல் நீலத் தரை என்பது நடக்கவே முடியாதது. அமெரிக்க ஓப்பன் 1974 வரை புல்தரை. 1975 முதல் 1977 வரை பச்சை நிறக் களிமண். 1978-இல் ஃபிளஷிங் மெடோஸுக்கு மாறியபோதுதான் கடினத் தரை வந்தது. நீலம் 2005-இல். ஜிம்மி கானர்ஸ் 1974, 1976, 1978 மூன்று ஆண்டும் அங்கே வென்றது மூன்று வெவ்வேறு தரைகளில். இந்த ஒரு விஷயத்தைப் படம் தவறவிட்டால் அந்தக் காலத்தைப் பற்றி அது சொல்லும் எதையும் நம்ப வேண்டாம்.

தரையும் பந்தும் தேதி முத்திரை மாதிரி. ஆஸ்திரேலிய ஓப்பன் 1987 வரை புல்தரை. 1988 முதல் 2007 வரை ரீபவுண்ட் ஏஸ் என்ற பச்சை நிறக் கடினத் தரை. 2008 முதல் நீலம். விம்பிள்டனில் மஞ்சள் பந்து 1986-இல்தான் வந்தது. ஆக "1985, போரிஸ் பெக்கர் முதல் பட்டம்" என்று சொல்லிக்கொண்டு மஞ்சள் பந்தைக் காட்டினால், அடுத்த ஆண்டின் துண்டை ஒட்டியிருக்கிறார்கள். அவர் 1986-இலும் வென்றார், அதனால் இந்தக் குழப்பம் எளிதில் நடக்கும். சென்டர் கோர்ட்டின் கூரை 2009-இல். பிபிசி விம்பிள்டனை வண்ணத்தில் ஒளிபரப்பத் தொடங்கியது 1967-இல். அதற்கு முந்தைய "தொலைக்காட்சிப் பதிவு" வண்ணமாக இருந்தால் யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள். வண்ணப் பிலிமில் எடுத்தவை அப்போதும் உண்டு, அது வேறு.

கிருஷ்ணன் விஷயம். ஏடிபியின் கணினித் தரவரிசை தொடங்கியது 1973 ஆகஸ்ட் 23, முதலிடம் இலி நஸ்தாசே. பெண்களுக்கு 1975 நவம்பரில், முதலிடம் கிறிஸ் எவர்ட். அதற்கு முன் உலகத் தரவரிசை என்று சொல்லப்படுவதெல்லாம் டென்னிஸ் எழுதிய பத்திரிகையாளர்கள் ஆளுக்கொன்றாகப் போட்ட பட்டியல். ஒருவர் மூன்று என்பார், இன்னொருவர் ஆறு என்பார். யார் பட்டியல், எந்த ஆண்டு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லும் படம் அரைகுறை. "ஏடிபி" என்று சொன்னது முழுப் பிழை. கிருஷ்ணனுக்கு அந்த எண் தேவையும் இல்லை. 1954-இல் விம்பிள்டன் இளையர் பட்டம், 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி. 1961 காலிறுதியில் ராய் எமர்சனை வென்றார், அரையிறுதியில் ராட் லேவரிடம் தோற்றார். 1966 டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குப் போன இந்திய அணியிலும் அவர்தான் முன்னணி. இவ்வளவும் பதிவில் உள்ளவை.

எண்ணிக்கை சொல்லும் படங்களில் இன்னொரு கண்ணிவெடி ஆஸ்திரேலிய ஓப்பன். 1977-இல் ஜனவரியிலும் டிசம்பரிலும் என்று இரண்டு தடவை நடந்தது: முதலாவது ரோஸ்கோ டேனர், இரண்டாவது விட்டாஸ் கெருலைட்டிஸ். 1986-இல் நடக்கவே இல்லை. "தொடர்ந்து இத்தனை கிராண்ட் ஸ்லாம்" என்று கணக்கிடும் கட்டுரைக் காணொளிகள் இங்கே இடறி விழும். அதேபோல் "வரலாற்றிலேயே முதன்முறை" என்ற சொல். 1968 ஏப்ரலில் ஓப்பன் காலம் (பெரிய போட்டிகளில் தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்த காலம்) தொடங்கிய பிறகு முதன்முறையா, அதற்கு முன்னதையும் சேர்த்தா? நல்ல படம் இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போகும்.

தரவரிசையையே கேள்வி கேட்கும் படம் வேண்டுமென்றால், நெட்ஃபிளிக்ஸில் 2020-இல் வந்த கில்லெர்மோ விலாஸ் ஆவணப்படத்தை உங்கள் மூத்த பிள்ளைகளுக்குப் போடுங்கள். 1977-இல் பிரெஞ்சு ஓப்பன், அமெரிக்க ஓப்பன் உட்பட 16 பட்டம் வென்றும் விலாஸ் கணினிப் பட்டியலில் முதலிடம் பெறவில்லை. அப்போது தரவரிசை சராசரியை வைத்துப் போடப்பட்டது, வாரந்தோறும் வெளியிடப்படவும் இல்லை. ஓர் அர்ஜென்டினப் பத்திரிகையாளரும் ருமேனியக் கணித வல்லுநர் ஒருவரும் வெளியிடப்படாத வாரங்களைத் தாங்களே கணக்கிட்டு, 1975, 76-இல் சில வாரங்கள் விலாஸ்தான் முதலிடம் என்று வாதிட்டார்கள். ஏடிபி ஒப்புக்கொள்ளவில்லை. பெண்கள் பக்கம் அதற்கு நேர்மாறு. 1976-இல் இவோன் கூலகாங் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்ததை 2007-இல் மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏ கண்டுபிடித்து ஏற்றுக்கொண்டது. இதைத் தெரிந்து பார்த்தால் படம் ஒருதலைப்பட்சமாகப் போகும் இடங்களும் கண்ணில் படும்.

---

பேஸ்லைன்_தெம்பனிஸ் எழுதியது:

ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க. ஆனா பயிற்சிக்குப் பயன்படுமான்னு பார்க்கிற அளவுகோல் வேற.

ஒரே ஒரு எண்ணிக்கை எடுங்க. நடுவில் எங்காவது ஒரு பத்து நிமிஷப் பகுதியைப் போட்டு, சர்வ்லேருந்து கடைசி அடி வரை வெட்டாம, ரெண்டு ஆட்டக்காரரும் தெரியுற மாதிரி எத்தனை புள்ளி காட்டுறாங்கன்னு எண்ணுங்க. சந்தா தளத் தொடர்கள் பலதுல ஒன்னோ ரெண்டோதான் தேறும், சில சமயம் பூஜ்யம். ராக்கெட் படுற குளோசப், பயிற்சியாளர் முகம், கைமுஷ்டி, மெதுவா ஓடுற வியர்வை, அடுத்தது ஸ்கோர். பந்து எங்கே விழுந்துச்சு, எதிராளி எங்கே நின்னான், ஏன் அந்தப் பக்கம் அடிச்சான், ஒன்னும் தெரியாது. உங்க பிள்ளைங்களுக்குப் பேச ஒன்னும் மிஞ்சாததுக்கு இதுதான் காரணம்.

இன்னொரு ஏமாத்து. பெரும்பாலான புள்ளிகள் சர்வ், ரிட்டர்ன், அப்புறம் ஆளுக்கு ஒரு அடி, இந்த நாலுக்குள்ள முடிஞ்சிடும். படத்துல இருபது அடி ரேலி மட்டுமே வரும். அதைப் பார்த்து வளர்ற பிள்ளை ரிட்டர்ன் பயிற்சியை மதிக்காது.

ஒட்டுவேலையைப் பிடிக்க சட்டையையும் நிழலையும் பாருங்க. மூணாவது செட்டுல சட்டை மாத்தியிருப்பார், ஆனா முதல் செட்டுப் புள்ளிக்கு நடுவுல மாத்தின சட்டையோட முகபாவம் வரும். தரையில நிழல் வலப்பக்கம் நீளுது, அடுத்த ஷாட்டுல ஆளே நிழலுக்குள்ள நிக்கிறார். குடும்பத்தார் வாயைப் பொத்துற ஷாட் எந்தப் புள்ளிக்கும் பொருந்தும்னு எடிட்டர்களுக்குத் தெரியும் (காலாங் அண்ணே கோவிச்சுக்காதீங்க). ஸ்கோர் பட்டையை மறைச்சோ மங்கலாக்கியோ வச்சிருந்தா சந்தேகம் கூடணும்.

ஒலியும் அப்படித்தான். உண்மையான ஒலிப்பதிவுல மேல்சுழல் அடி, துண்டு அடி, ராக்கெட்டோட பிரேம்ல பட்டது, ஒவ்வொன்னுக்கும் சத்தம் வேற. எல்லா அடிக்கும் ஒரே "டொக்" கேட்டா ஸ்டுடியோவுல சேர்த்தது. பந்து ரெண்டாவது தடவை தரையில படுறதுக்கு முன்னாடியே கூட்டம் ஆர்ப்பரிச்சா அதுவும் சேர்த்தது.

பாடத்துக்குன்னே ஒன்னு சொல்லணும்னா: பிரான்ஸ்ல ழில் த கெர்மடெக்னு ஒருத்தர், பிரெஞ்சு ஓப்பன் நடக்கிற ரோலாண் கரோஸ்ல 16 மிமீ பிலிம்ல பயிற்சிப் படம் எடுத்தவர். பந்தைத் தொடராம ஒரே ஆட்டக்காரரை மட்டும் கேமராவில் பிடிச்சு வச்சிருப்பார். அந்தப் பிலிமை வச்சு 2018-ல ஜான் மெக்கன்ரோ பத்தி ஒரு பிரெஞ்சு ஆவணப்படம் வந்துச்சு. 1984 பிரெஞ்சு ஓப்பன், இறுதியில முதல் ரெண்டு செட் எடுத்துட்டு லெண்டில்கிட்ட தோத்த ஆட்டம் வரைக்கும் போகும். எதிராளி அடிக்கிற கணத்துல சின்னதா ஒரு குதி, இறங்கும்போதே எடை எந்தக் காலுக்கு மாறுது, சர்வுக்கு முதுகை எவ்வளவு திருப்புறார், எல்லாம் பட்டவர்த்தனமா தெரியும். தொலைக்காட்சி இதைக் காட்டவே காட்டாது. அதோட கண்ணு பந்து மேலேயே இருக்கும்.

போடும்போது முழுசா போட வேண்டாம். நாலு புள்ளி, ஒலியை அணைச்சுட்டு, பிள்ளைங்களை ரெண்டு குழுவா பிரிச்சு ஒரு குழு பாதத்தை மட்டும், இன்னொரு குழு ராக்கெட் பின்னால போற தூரத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்க. அதே நாலு புள்ளியை யூடியூப்ல இருந்தா பாதி வேகத்துல திரும்பப் போடுங்க. பாதி வேகம் உருப்படியா இருக்கணும்னா மூலப்படம் 50 அல்லது 60 பிரேம் இருக்கணும். 25 பிரேமை மெதுவாக்கினா ஒவ்வொரு படமும் ரெண்டு தடவை நின்னு நின்னு போகும்.

---

ஆண்டுக்கணக்கர் எழுதியது:

ஒலி பற்றி ஒரு சேர்க்கை: 1950, 60-களின் செய்திப்படங்களில் வரும் "டொக்"கும் கைதட்டலும் பெரும்பாலும் அந்தக் காலத்திலேயே ஸ்டுடியோவில் சேர்க்கப்பட்டவை. பிலிம் ஒலியில்லாமல் எடுக்கப்பட்டு, பிறகு வர்ணனையோடு ஒட்டப்படும். அதற்காக அந்தப் படத்தை ஒதுக்கத் தேவையில்லை.

---

மழைநேரப்_பயிற்சி எழுதியது:

காலாங் எடிட்டர் சொன்னபடி மூன்று காணொளிகளைச் சோதித்தேன். ஒன்றில் பந்து இரட்டை, இன்னொன்றில் முட்டைப் பந்து! மூன்றாவதில் வேறு ஒரு விந்தை. நடால் வலது கையால் ஆடுகிறார். அந்தச் சேனலுக்குப் பல லட்சம் பேர் பின்தொடர்பவர்கள். இது எப்படி?

இன்னொரு கேள்வி: அப்படியானால் நம்பி எங்கே போவது? பள்ளியில் காட்ட அனுமதி விஷயமும் குழப்பமாக இருக்கிறது.

---

காலாங்_எடிட்டர் எழுதியது:

கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ஆட்டப் பதிவுகளின் உரிமை போட்டி நடத்துபவர்களிடம். யூடியூப்பின் தானியங்கிச் சோதனை அந்தப் பதிவை அடையாளம் கண்டால் காணொளியை முடக்கும், அல்லது வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடும். அதிலிருந்து நழுவ இடவலம் மாற்றுவது, பெரிதாக்கி ஓரத்தை வெட்டுவது, வேகத்தைச் சற்றே கூட்டுவது, சுற்றிலும் சட்டம் போடுவது எல்லாம் வழக்கம். ஸ்பான்சர் எழுத்துகளை வலமிருந்து இடமாகப் படிக்க நேர்ந்தால், அல்லது மெக்கன்ரோ, நவ்ரத்திலோவா, லேவர், விலாஸ், நடால் போன்ற இடக்கை ஆட்டக்காரர்கள் வலக்கையராக மாறியிருந்தால் அதுதான். இடக்கையரின் சர்வ் எந்தப் பக்கம் வளைந்து போகும் என்று பிள்ளைகளுக்குக் காட்டப் போய் நேரெதிராகக் காட்டிவிடுவீர்கள். மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அதே காரணத்தால் நேர்மையான சின்னச் சேனல்கள் அசையும் ஆட்டத்தைக் காட்டாமல் புகைப்படம், வரைபடம், சில வினாடித் துண்டு என்று நிறுத்திக்கொள்ளும். படம் எளிமையாக இருப்பதால் தரம் குறைவு என்று முடிவு கட்ட வேண்டாம். ஆடுகளத்தை அளவோடு, 23.77 மீட்டர் நீளம், ஒற்றையர் அகலம் 8.23 என்று வரைந்து, பந்து விழுந்த இடங்களைப் புள்ளி வைத்துக் காட்டுபவர் பளபளப்புத் தொடரைவிட அதிகம் சொல்லித்தருவார்.

மூலப்பதிவுக்கு விம்பிள்டன், ரோலாண் கரோஸ், ஆஸ்திரேலிய ஓப்பன், அமெரிக்க ஓப்பன் ஆகியவற்றின் சொந்த யூடியூப் சேனல்கள்தான் முதல் இடம். முழு ஆட்டங்களே இருக்கின்றன. பழைய செய்திப்படங்களுக்கு பிரிட்டிஷ் பாத்தே. அவர்கள் 2014-இல் 85,000 படங்களை யூடியூப்பில் ஏற்றினார்கள். ஆவணப்படத்தில் ஒரு புள்ளி சந்தேகமாக இருந்தால் அதே ஆட்டத்தை அதிகாரபூர்வச் சேனலில் எடுத்து ஒப்பிடுங்கள்.

---

ஆண்டுக்கணக்கர் எழுதியது:

தகவலைச் சரிபார்க்க நம் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இருக்கிறதே, அதை மறந்துவிடுகிறோம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு உள்ளிட்ட பழைய நாளிதழ்கள் தேடும் வசதியோடு உள்ளன. ஆட்டக்காரர் பெயரோடு ஆண்டையும் மாதத்தையும் கட்டுப்படுத்தித் தேடுங்கள். விம்பிள்டன் என்றால் ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரம். முடிவு அடுத்த நாள் அல்லது அதற்கும் அடுத்த நாள் இதழில் வந்திருக்கும். பழைய அச்சில் எழுத்துணரி மென்பொருள் தடுமாறும். கிருஷ்ணன் பெயரை ஆங்கிலத்தில் தேடும்போது முதற்பெயர் இல்லாமல் தேடினால் அதிகம் சிக்கும்.

வேண்டுமானால் சிங்கப்பூரையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். டபிள்யூடிஏ இறுதிச் சுற்று 2014 முதல் 2018 வரை இங்கே உள்ளரங்க விளையாட்டரங்கில் நடந்தது. வென்றவர்கள் வரிசையாக செரீனா வில்லியம்ஸ், ராட்வான்ஸ்கா, சிபுல்கோவா, வாஸ்னியாக்கி, ஸ்விட்டோலினா. அது முதலில் குழுச் சுற்று, பிறகுதான் அரையிறுதி. ஆகவே தோற்றவர் வெளியேற வேண்டியதில்லை. 2014-இல் செரீனா குழுச் சுற்றில் ஹாலெப்பிடம் 0-6, 2-6 என்று தோற்று, இறுதியில் அதே ஹாலெப்பை 6-3, 6-0 என்று வென்றார். 2015-இல் ராட்வான்ஸ்கா முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றுவிட்டுப் பட்டம் வென்றார். இந்த அமைப்பை விளக்காமல் "அதிசயத் திருப்பம்" என்று இசையைக் கூட்டும் படம், வேறு எதையும் விளக்கப் போவதில்லை.

---

பேஸ்லைன்_தெம்பனிஸ் எழுதியது:

ஒரு விஷயத்துல மாறுபடுறேன். சந்தா தளப் படங்களை அடியோட தள்ள வேண்டாம். ஆட்ட நுட்பத்துக்கு உதவாது, சரி. ஆனா தோத்த அன்னிக்கு ராத்திரி எப்படி இருக்கும், காயத்துக்கு அப்புறம் திரும்புறது எவ்வளவு நாள் ஆகும், மன உளைச்சல்னா என்னன்னு 15 வயசுப் பிள்ளைக்குச் சொல்ல அதைவிட வேற வழி குறைவு. அமெரிக்க ஆட்டக்காரர் மார்டி ஃபிஷ் பத்தி 2021-ல வந்த நெட்ஃபிளிக்ஸ் படம் அந்த வகையில உருப்படி. அமெரிக்க ஓப்பன்ல ஃபெடரரை எதிர்த்து ஆட வேண்டிய ஆட்டத்துலேருந்து பதற்றக் கோளாறால விலகினதை அவரே சொல்றார்.

பார்க்க வேண்டியது, தயாரிப்பாளர் பட்டியல். கடைசி எழுத்துகள் ஓடும்போது ஆட்டக்காரரோ அவருடைய மேலாண்மை நிறுவனமோ தயாரிப்பாளரா இருந்தா, அவருக்குப் பிடிக்காத கேள்வி படத்துல இருக்காது. ஃபெடரரோட ஆட்ட வாழ்க்கையின் கடைசி 12 நாள் பத்தி 2024-ல அமேசான்ல வந்தது, முதல்ல வீட்டுக்குன்னு எடுத்த பதிவு. நெருக்கம் இருக்கு, எதிர்க்கேள்வி இல்ல. ரெண்டையும் எதிர்பார்க்கக் கூடாது. எதிராளியும் வாய்திறந்து பேசுற படமா இருந்தா ஒரு படி மேலே வைங்க.

---

ஏவி_அறை எழுதியது:

அனுமதி: 2021 பதிப்புரிமைச் சட்டத்தில் லாப நோக்கமற்ற பள்ளிகள், இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றைப் பாடத்துக்குப் பயன்படுத்த இடமுண்டு. எடுத்த இடத்தைக் குறிப்பிட வேண்டும். இடவலம் மாற்றிய திருட்டுக் காணொளிக்கு அது பொருந்தும் என்று எண்ண வேண்டாம். சந்தா தளங்களின் ஒப்பந்தம் பொதுவாக வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் ஆவணப்படங்களில் சிலவற்றுக்குக் கல்வித் திரையிடலுக்கு ஒருமுறை அனுமதி தருகிறது. எவையென்று அவர்கள் ஊடகப் பக்கத்திலேயே குறித்திருக்கிறார்கள். சமூக மன்றத்தில் பெற்றோரையும் அழைத்துப் போடுவதென்றால் பள்ளிச் சலுகையை நம்பாமல் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

புரொஜெக்டர்: மேலே எல்லாரும் கோப்பைப் பற்றிப் பேசினார்கள், ஆனால் நல்ல கோப்பும் அறையில் கெடும். மடிக்கணினி வழக்கமாக 60 ஹெர்ட்ஸில் அனுப்பும். 50 பிரேம் விம்பிள்டன் படத்தை அதில் ஓட்டினால் வினாடிக்குப் பத்துப் படம் இரண்டு தடவை காட்டப்படும், பந்து விக்கி விக்கிப் போகும். விண்டோஸில் டிஸ்பிளே அமைப்புக்குள் "அட்வான்ஸ்டு டிஸ்பிளே"க்குப் போய், புரொஜெக்டரைத் தேர்ந்தெடுத்து, 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். திரையை நகலெடுக்கும் நிலையில் அந்தத் தெரிவு சில சமயம் வராது. "எக்ஸ்டெண்ட்" என்று மாற்றினால் வரும். அமெரிக்க ஓப்பன் படத்துக்குத் திரும்ப 60.

சந்தா தளம் கறுப்புத் திரை காட்டி ஒலி மட்டும் வந்தால், நடுவில் விஜிஏ மாற்றி அல்லது பழைய பிரிப்பான் இருக்கிறது என்று அர்த்தம். நகல் தடுப்பு அதைக் கடக்க விடாது. எச்டிஎம்ஐ கம்பியை நேராகச் செருகுங்கள். புரொஜெக்டரின் வடிவ அமைப்பு "ஃபுல்" அல்லது "வைட்" என்று இருந்தால் ஒழுங்கான 4:3 படத்தையும் இழுத்துவிடும். "ஆட்டோ" அல்லது "ஒரிஜினல்" வையுங்கள். தொலைக்காட்சியில் போடுவதாக இருந்தால் அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அதுவும் பந்தைத் தின்னும்.

---

மழைநேரப்_பயிற்சி எழுதியது:

வடிவ அமைப்பு "வைட்" என்றுதான் இருந்தது. அதை மாற்றியதும் முட்டைப் பந்து உருண்டையாகிவிட்டது, அந்தக் காணொளிமேல் பிழையில்லை. இரட்டைப் பந்து அப்படியே இருக்கிறது.

---

காலாங்_எடிட்டர் எழுதியது:

இரட்டைப் பந்து கோப்பிலேயே கலந்துவிட்டது, எந்த அமைப்பாலும் பிரிக்க முடியாது. அந்த ஆட்டம் எந்த ஆண்டு, எந்தச் சுற்று என்று போடுங்கள். அதிகாரபூர்வச் சேனலில் 50 பிரேமில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன்.